சிலம்பு நடந்த மதுரை வீதிகள்

ஆண்டுதோறும் யூன் மாதம் 16ஆம் திகதி அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் ஒரு விந்தையான நடைப்பயணம் நடைபெறுகின்றது. அந்நகரத்தவரும் அயல்நாட்டவருமாகப் பலர் ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறார்கள். ஜேம்ஸ் ஜொய்ஸ் எழுதி 1922ஆம் ஆண்டில் வெளிவந்த ‘யூலிசிஸ்’ என்பதே அந்நாவல். 1904ஆம் ஆண்டு யூன் 16ஆம் திகதி காலையிலே தொடங்கி அடுத்த நாள் விடியுமுன் முடிந்துவிடுகின்ற கதை அது. கதாநாயகன் புளூம் எந்தத் தெருவால் போனான், எந்தக் கடையிலே சவர்க்காரம் வாங்கினான், எங்கே மதிய உணவு உண்டான் என்று பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள். அந்த நாளின் ஐம்பதாவது ஆண்டு நிறைவாகிய 1954இல், டப்ளின் எழுத்தாளர் சிலர் குதிரை வண்டி அமர்த்திக்கொண்டு தொடங்கிவைத்த வழக்கம் இது. புளூம் என்றொருவன் பிறந்ததுமில்லை, இறந்ததுமில்லை. ஆயினும் அந்நகரத்துத் தெருக்களைக் காண வருவோர்க்கு அவனே வழிகாட்டியாகிவிட்டான்.

கதையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பழைய நகரத்தைச் சுற்றிவருவது மேனாட்டார் கண்ட புதுமை என்று சிலர் எண்ணக்கூடும். நமது இலக்கியத்திலே அது மிகப் பழைய காரியம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளைக் கொண்டது. பத்துப்பாட்டிலே மிக நீண்டது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் தலைநகரத்தை அது பகலும் இரவுமாகச் சுற்றிக் காட்டுகின்றது. நாளங்காடி எனப்படும் பகற்கடையிலே தொடங்கி, அல்லங்காடி எனப்படும் இரவுக்கடை வழியாக, ஊர் உறங்கும் யாமங்களையும் கடந்து விடியலிலே நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகின்றது. ஆனால் அங்கே நடப்பவருக்கு ஒரு கதை இல்லை. அந்த நகரத்துக்குள்ளே ஒரு கதையை நடக்கவிட்டவர் இளங்கோவடிகள். இந்த இலக்கியத் தொடரிலே இன்று அவர் காட்டும் மதுரையில் நேயர்களோடு சிறிது தூரம் நடந்து பார்க்க விரும்புகிறேன்.

உயர்தர வகுப்பு மாணவர்க்குச் சிலப்பதிகாரம் கற்பிக்கும்போது மதுரைக் காண்டத்தின் ‘ஊர்காண் காதை’ வந்தவுடன் வகுப்பறையிலே ஒரு சோர்வு தட்டுவதை ஆண்டுதோறும் காண்கிறேன். கானல்வரியின் இசையும் வழக்குரை காதையின் வேகமும் அவர்களுக்குப் பிடிக்கின்றன. இடையிலே வரும் இந்தக் கடைத்தெரு வருணனை அவர்களுக்குப் பாரமாகிவிடுகின்றது. ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, “சேர், கொலை நடக்கப்போற ஊரிலே வைரத்தின்ரை குற்றத்தையும் பொன்னின்ரை வகையையும் புலவர் ஏன் இவ்வளவு ஆறுதலாய்ச் சொல்லிக்கொண்டு நிக்கிறார்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்கோ அந்தக் கேள்வி மிகவும் பெறுமதியானதாகத் தோன்றிற்று. இளங்கோ இடத்தை வீணாக்குகின்ற புலவர் அல்லர். அப்படியானால் அந்தக் கடைகள் கதைக்கு எதற்காக வேண்டியிருந்தன? வீதிகளிலே நடந்துதான் இதற்கு விடை தேட வேண்டும்.

புகாரிலிருந்து மதுரை 30 காதம் என்று கண்ணகிக்குக் கோவலன் வழியிலே சொல்கிறான். அவ்வளவு தூரத்தையும் கால்நடையாகக் கடந்து, சமணத் துறவியாகிய கவுந்தியடிகளின் துணையோடு அவர்கள் வையைக் கரையை அடைகிறார்கள். குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் கொண்ட ஓடங்கள் நிற்கும் பெருந்துறையை விட்டு, மரத்தெப்பம் ஒன்றிலே ஏறி ஆற்றைக் கடக்கிறார்கள். வரப்போவதை அறிந்த வையை பூவாடையால் தன் கண்ணீரை மறைத்துக்கொண்டாள் என்றும், மதிலின் மேல் அசைந்த கொடிகள் ‘வராதீர்கள்’ என்று கைகாட்டித் தடுத்தன போன்றிருந்தன என்றும் புலவர் கூறுகிறார். வருகின்றவர்கள் அதை அறியவில்லை. அறவோர் வாழும் புறஞ்சேரியிலே தங்குகிறார்கள்.

அடுத்த நாட் காலையில் கோவலனின் முதலாவது நடை தொடங்குகின்றது. புறப்படும்போது அவன் கவுந்தியடிகளிடம் சொல்வதைக் கவனிக்க வேண்டும். இந்நகரத்து வணிகப் பெருமக்களிடம் என் நிலைமையை உணர்த்திவிட்டு வருகிறேன், அதுவரையில் கண்ணகி உங்கள் பாதுகாப்பிலே இருக்கட்டும் என்பதே அவன் கூறிய காரணம். ஊரிலே தெரிந்தவர் ஒருவரைத் தேடிப் போகிறான். கைப்பொருள் இழந்தவனுக்குப் புதிய ஊரிலே தேவைப்படுவது அதுதான்.

காவற்காட்டையும் அகழியையும் அடுத்து, யானைகள் கூட்டமாகச் செல்லத்தக்க ‘சுருங்கை வீதி’ ஒன்று இருந்தது. சுருங்கை என்பது நிலத்தின் கீழாகச் செல்லும் வழி. அது கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து வந்ததென அறிஞர் கருதுவர். அந்த வழியின் பக்கமாகச் சென்று, வாளேந்திய யவனர் காவல் காக்கும் கோட்டைவாயிலை அவர்கள் ஐயுறாதபடி கோவலன் கடக்கிறான். பிறநாட்டு வீரர் காவல் நிற்கும் வாயில் அவனைச் சந்தேகிக்கவில்லை. அவனைச் சந்தேகிக்கப்போவது பின்னர் உள்ளேயிருக்கும் அரண்மனைதான்.

உள்ளே நுழைந்ததும் புலவர் ஓர் உவமை சொல்கிறார். இந்திரனுடைய அணிகலப் பேழையைத் திறந்து வைத்தாற்போல இருந்ததாம் மதிலுக்கு உட்பட்ட மதுரை. இதை வெறும் அலங்காரமாக எடுத்துக்கொண்டு நாம் கடந்துபோய்விடுவதுண்டு. ஒரு சிலம்பினால் அழியப்போகின்ற நகரத்துக்கு நகைப்பெட்டியை உவமை கூறிய புலவரின் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

கணிகையர் வீதிகளைக் கடந்தால் அங்காடி வீதி. வண்டிகளும் தேருறுப்புகளும் கவசங்களும் அங்குசங்களும் கேடயங்களும் செம்பிலும் வெண்கலத்திலும் செய்த பொருள்களும் யானைத் தந்தத்தில் கடைந்தவையும் அங்கே குவிந்துள்ளன. அதனை அடுத்து மணிக்கடை வீதி. இங்கேதான் இளங்கோ நின்று நிதானிக்கிறார். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என வைரத்துக்கு நான்கு குற்றங்கள். அவை நீங்கிய வைரம் இது. ஏகை, மாலை, இருள் என்பன மரகதத்தின் குற்றங்கள். அவை இல்லாத மரகதம் இது. காற்றினாலும் மண்ணினாலும் கல்லினாலும் நீரினாலும் முத்துக்குக் குற்றம் உண்டாகும். அப்படி எதுவும் படாத முத்து இது. இவ்வாறு ஒன்பது மணிகளையும் ஒவ்வொன்றாகக் கையிலே எடுத்துக் காட்டுவது போலச் சொல்லிச் செல்கிறார். வைரத்திலே ஒரு மெல்லிய கீற்று இருந்தாலும் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடத் தெரிந்தவர்கள் அந்த வீதியிலே இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

அடுத்தது பொற்கடை வீதி. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன் நான்கு வகை. வாங்க வருபவர் எது எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் கலங்கக்கூடாது என்பதற்காக, பொன்னின் தரம் அறிந்தவர்கள் அந்தந்த இடத்திலே கொடி நாட்டி வைத்திருந்தார்கள் என்கிறார் இளங்கோ. வேற்றூரிலிருந்து வருகின்றவனும் ஏமாறாமல் வாங்கிச் செல்லத்தக்க ஒழுங்கு அங்கே இருந்தது. அதற்கடுத்த அறுவை வீதியிலே பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த துணிகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன. கூல வீதியிலே எக்காலத்திலும் மிளகு மூடைகளும் தானியக் குவியல்களும் உண்டு. தராசுக்கோல் பிடித்தவர்களும் பறை, அம்பணம் ஆகிய அளவைக் கருவிகளை ஏந்தியவர்களும் எங்கும் திரிகிறார்கள்.

மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இங்கே கிடைக்கத் தொடங்குகின்றது. கோவலனுடைய கண் வழியாகப் புலவர் காட்டும் மதுரை சோதித்துப் பார்க்கத் தெரிந்த நகரம். மணியிலே மாசு தேடத் தெரியும். பொன்னிலே தரம் பிரிக்கத் தெரியும். தானியத்தை நிறுக்கவும் அளக்கவும் தெரியும். இதோடு மதுரைக்காஞ்சி காட்டும் அறங்கூறு அவையத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். அச்சம், துயரம், ஆசை என்பவற்றை விலக்கி, பகையோ மகிழ்ச்சியோ கொள்ளாமல், தராசின் கோலைப் போல நடுநின்று வழக்குத் தீர்க்கும் சான்றோர் அந்த அவையிலே இருந்தனர் என்று மாங்குடி மருதனார் பாடுகிறார். கடைத்தெருவிலே உள்ள அதே தராசு நீதிமன்றத்துக்கும் உவமையாகின்றது. இரண்டு நூல்களும் வேறு வேறு காலத்தவை. அவற்றில் வரும் பாண்டியரும் வேறு வேறானவர்கள். ஆனால் மதுரையைப் பற்றிப் புலவர்கள் கொண்டிருந்த எண்ணம் ஒன்றாகவே இருந்திருக்கின்றது.

வெயில் நுழையாத கொடிப்பந்தரின் நிழலிலே சதுக்கமும் மன்றமும் சந்தும் முடுக்குமாகத் திரிந்து, நகரத்தைக் கண்ட மகிழ்ச்சியோடு கோவலன் மதிலுக்கு வெளியே மீள்கிறான். வணிகர்களிடம் தன் நிலையை உணர்த்தப் போனவன் ஒருவரையேனும் கண்டு பேசியதாக இளங்கோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. போன காரியம் என்னாயிற்று? அதைப் பற்றி நூல் மௌனமாகவே இருக்கின்றது. அவன் திரும்பிவந்து கவுந்தியடிகளிடம் எடுத்துரைப்பது குற்றமற்ற மதுரையின் சிறப்பையும் பாண்டியனின் ஆட்சிச் செம்மையையுமே. கையிலே எதுவும் இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு எல்லா நகரங்களும் தம் நல்ல முகத்தைத்தான் காட்டும். ஒரு நகரத்தோடு வழக்கு ஏற்படும்போதே அதன் மறுமுகம் தெரியும்.

அன்று மாலை, தலைச்செங்கானத்து மாடலன் என்னும் மறையோனின் அறிவுரைப்படியும் கவுந்தியடிகளின் ஏற்பாட்டின்படியும், ஆயர்குல முதுமகளாகிய மாதரி கண்ணகியை அடைக்கலமாகப் பெற்று அழைத்துச் செல்கிறாள். மதிலிலே பொருத்தப்பட்ட போர்ப்பொறிகளை எல்லாம் வரிசையாகக் கூறி, அவற்றைக் கடந்து அவர்கள் வாயிலுள் புகுவதைப் புலவர் காட்டுகிறார். பகைவரைத் தடுக்க அத்தனை பொறிகள்! அந்த மதிலுக்குள்ளே அன்று புகுந்தவளிடம் படையில்லை. ஓர் இணைச் சிலம்பு மட்டுமே இருந்தது.

இனி இரண்டாவது நடை. ஆயர்பாடியிலே தனக்கென ஒதுக்கிய சிறுமனையில் கண்ணகி சமைத்துப் பரிமாற, கோவலன் உண்கிறான். அதன்பின் அவளுடைய சிலம்புகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இதை விற்றுவருகிறேன் என்று புறப்படுகிறான். வழியிலே ஒரு காளை எதிர்த்து வருகின்றது. ஆயர்க்கு அது கெட்ட நிமித்தம். வணிகர் குலத்தில் வந்த கோவலனுக்கு அந்த மொழி தெரியவில்லை. மன்றத்தையும் கணிகையர் வீதியையும் கடந்து கடைத்தெருவை அடைகிறான். முன்பு மகிழ்ச்சியோடு திரிந்த அதே வீதிகள்தாம். இம்முறை புலவர் எந்தக் கடையையும் வருணிக்கவில்லை. கொடியும் பந்தரும் மணியும் பட்டும் எங்கே போயின? அவை அங்கேயேதான் இருந்திருக்கும். விற்க வேண்டிய பொருளைக் கையிலே வைத்திருப்பவனுடைய கண்ணுக்கு வாங்குபவன் ஒருவனைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை.

நுட்ப வேலை செய்யும் கொல்லர் நூறு பேர் பின்தொடர, சட்டை அணிந்து, கையிலே கோலோடு, சற்று ஒதுங்கி நடந்து ஒரு பொற்கொல்லன் வருகிறான். தேவியின் காலுக்கு ஏற்ற சிலம்பு ஒன்றை விலைமதிக்க உன்னால் முடியுமா என்று கோவலன் கேட்கிறான். சிலம்பின் வேலைப்பாட்டை அவன் கூர்ந்து பார்க்கிறான். இந்தச் சிலம்பைச் சோதித்துப் பார்த்தவன் அந்த நகரத்திலே அவன் ஒருவனே! அதன் பெறுமதியை அறிந்ததனாலேயே, அரசியின் சிலம்பைத் திருடிய தன் குற்றத்தை இதைக்கொண்டு மறைத்துவிடலாம் என்று திட்டமிடுகிறான். சோதிக்கும் அறிவு கெட்டவனிடத்திலே இருந்தது. நல்லவர்கள் எவரும் அதைப் பயன்படுத்தவில்லை.

அதன்பின் நடப்பது மிக விரைவிலே நடந்துவிடுகின்றது. கோவலனைத் தன் குடிலுக்கு அருகிலிருந்த கோயில் மதிலின் உட்புறத்திலே இருக்கச் செய்துவிட்டு, பொற்கொல்லன் அரண்மனைக்குச் செல்கிறான். ஊடியிருந்த தேவியைத் தணிக்க அவளுடைய மாளிகையை நோக்கிப் பாண்டியன் போய்க்கொண்டிருக்கிறான். வழியிலே நின்றபடியே காவலரை அழைத்து, சிலம்பு அந்தக் கள்வனுடைய கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவாருங்கள் என்று ஆணையிடுகிறான். அறங்கூறு அவையத்துக்கு வழக்குப் போகவில்லை. தேவியின் சிலம்புக்குள் என்ன பரல், இந்தச் சிலம்புக்குள் என்ன பரல் என்று ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. பொன்னுக்கு நான்கு கொடி நாட்டிய ஊரிலே ஒரு மனிதனுடைய உயிருக்கு ஒரு கேள்விகூட இல்லை.

காவலருள்ளே ஒரு தயக்கம் இருந்ததையும் இளங்கோ மறைக்கவில்லை. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர் கையாளும் எட்டு உபாயங்களையும் விரித்து ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்திவிடுகிறான். பேச்சிலே மற்றவர்கள் குழம்பி நிற்க, கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஆராயத் தொடங்கியவர்களை ஆராயாதவன் முந்திவிட்டான். இந்தக் கட்டத்தை வகுப்பிலே சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

மூன்றாவது நடை கண்ணகியுடையது. எஞ்சிய ஒற்றைச் சிலம்பைக் கையிலே ஏந்தி அவள் வீதியிலே இறங்குகிறாள். அந்தக் காதைக்கு இளங்கோ இட்ட பெயர் ‘ஊர்சூழ்வரி’. கணவனுக்கு ‘ஊர்காண் காதை’; மனைவிக்கு ‘ஊர்சூழ்வரி’. அவன் ஊரைக் கண்டான்; அவளை ஊர் சூழ்ந்தது. கோவலன் திரிந்தபோது வீதிகளிலே பொருள்கள் நிறைந்திருந்தன, மனிதர் வாய்திறக்கவில்லை. கண்ணகி வரும்போது கடைகள் மறைந்து மனிதர்களே நிறைந்துவிடுகின்றனர். வளையாத செங்கோல் வளைந்ததே, இது என்ன காரியம் என்று மதுரை மக்கள் புலம்புகிறார்கள். அவர்களே அவளைக் கோவலன் கிடந்த இடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். பெண்டிர் இல்லையோ, சான்றோர் இல்லையோ, தெய்வமும் இல்லையோ என்று அவள் கேட்கின்ற கேள்விகள் வீதியிலே நின்று கேட்கப்பட்டவை. அரசவைக்கு முன்னரே அவள் தெருவிலே வழக்குரைத்துவிட்டாள்.

இந்த இடத்திலே நூல் வரலாறு சம்பந்தமான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது அடியார்க்கு நல்லாருடைய உரையையும் சேர்த்து வெளியிட்டார். அந்த விரிவான உரை நமக்குக் கிடைப்பது ஊர்சூழ்வரி வரையில்தான். மணிக்கடையிலே ஒவ்வொரு குற்றத்துக்கும் பொருள் சொல்லிக்கொண்டு நம்மோடு நடந்துவந்த உரையாசிரியர் இங்கே பிரிந்துவிடுகிறார். அரண்மனை வாயிலுக்குக் கண்ணகியைப் போலவே நாமும் அவர் துணையின்றியே போக வேண்டியிருக்கின்றது.

அரசவையிலே நடந்ததை நேயர்கள் நன்கு அறிவீர்கள். தேவியின் சிலம்பிலே உள்ளவை முத்துப்பரல்கள் என்கிறான் பாண்டியன். என் சிலம்பிலே உள்ளவை மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. சிலம்பு உடைகின்றது. மணிக்கடை வீதியிலே எந்தச் சிறு வணிகனும் செய்திருக்கக்கூடிய சோதனை அரசவையிலே அப்போதுதான் முதன்முதலாகச் செய்யப்படுகின்றது. ஒரு கணத்திலே உண்மை தெரிந்துவிடுகின்றது. அவ்வளவு எளிதாகத் தெரியக்கூடிய உண்மை அது! ஆராயாமல் ஆணையிட்டவன் அந்த இடத்திலேயே உயிர் துறக்கிறான். அந்த அளவிலே பாண்டியன் தன் குற்றத்தைத் தானே நிறுத்துப் பார்த்துக்கொண்டான் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

பின்னர் கண்ணகி மதுரையை வலமுறையாக மூன்று முறை சுற்றி வருகிறாள். கோயிலைச் சுற்றும் முறையிலே ஒரு நகரத்தைச் சுற்றுகிறாள். ஆனால் அது அழிப்பதற்கான வலம். தீ பரவுகின்றது. எரிகின்ற இடங்களைச் சொல்லும்போது கூல வீதியையும் நால்வகைத் தெருக்களையும் இளங்கோ பெயர் சுட்டிச் சொல்கிறார். அந்த நால்வகைத் தெருவைக் குறிக்க ஊர்காண் காதையிலே ஆண்ட அதே தொடரை மாற்றாமல் இங்கே மறுபடியும் ஆள்கிறார். கோவலனோடு நாம் நடந்து கண்ட வீதிகளே இப்போது எரிகின்றன என்பதை நமக்கு நினைவூட்டுவதற்கு அந்த ஒரு தொடர் போதும். ஊர்காண் காதையைப் பாரம் என்று தள்ளிவிட்டுப் போனவருக்கு இங்கே எரிவது ஏதோ ஓர் ஊர். அதிலே ஆறுதலாக நடந்து வந்தவருக்கு எரிவது தாம் அறிந்த கடைகளும் தெருக்களும். நகரம் எரிவது என்றால் என்ன என்று நம் நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்னுமொன்று: பசுக்களும் கன்றுகளும் தீக்குத் தப்பி ஆயர் தெருவை அடைந்தன என்று கூறுகிறார். அடைக்கலம் கொடுத்த தெரு அடைக்கலமாகவே நிற்கின்றது.

மதுராபதித் தெய்வம் வந்து பழைய கதைகளைக் கூறிய பின், கொற்றவை கோயில் வாயிலிலே தன் வளைகளை உடைத்துவிட்டுக் கண்ணகி வெளியேறுகிறாள். கீழ்த்திசை வாயிலாலே கணவனோடு புகுந்தவள் மேற்றிசை வாயிலாலே தனியாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நடக்கிறாள். ஊருக்குள்ளே புகுந்த வாயிலும் ஊரை விட்டுப் போகும் வாயிலும் வேறு வேறு. தாம் வாழ்ந்த ஊரைவிட்டுக் கால்நடையாக வெளியேறியவர்களுக்கு இந்தக் கூற்றின் பொருளை எந்த ஆசிரியரும் உரைசொல்லி விளக்க வேண்டியதில்லை. நமது கிழக்கு மாகாணத்துக் கண்ணகி கோயில்களிலே வைகாசி மாதத்துக் குளிர்த்திச் சடங்கு அவளுடைய வெம்மையைத் தணிப்பதற்காகவே செய்யப்படுகின்றது. மதுரையைவிட்டு நடந்தவளுடைய கோபம் இன்னும் ஆறவில்லை என்று நம் மக்கள் கருதியிருக்கிறார்கள் போலும்.

இன்றைய மதுரையிலே இந்த வழியைக் காலால் அளந்து பார்க்க முடியுமா? நான் அங்கே சென்றபோது இந்தக் கேள்வியோடுதான் நடந்தேன். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என ஒன்றை ஒன்று சூழ்ந்த சதுரங்களாக வீதிகள் அமைந்திருக்கின்றன. நாம் இன்று காணும் அமைப்பு பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டின் பின் நாயக்கர் காலத்திலே உருப்பெற்றது. அதன் பழைய கோட்டை மதில் 19ஆம் நூற்றாண்டிலே கலெக்டர் பிளாக்பேண் காலத்தில் இடிக்கப்பட்டு, அகழியும் தூர்க்கப்பட்டது. ஆகவே கோவலன் நடந்த தெரு இதுதான் என்று விரல் சுட்டிக் காட்ட இயலாது. பழங்காநத்தம் பகுதியிலே ‘கோவலன் பொட்டல்’ என்றோர் இடத்தை அவன் வெட்டுண்ட இடமாக ஊரவர் சொல்லி வருகின்றனர், அது நம்பிக்கை. ஆனால் தெற்கு ஆவணி மூல வீதியிலே நகைக்கடைகளும் கீழமாசி வீதியிலே பலசரக்கு மொத்தக் கடைகளும் வரிசையாக நிற்பதைக் காணும்போது, தொழிலுக்கு ஒரு தெரு என்ற பழைய ஒழுங்கு கல்லும் மதிலும் போன பின்னும் வாழ்வதை உணரலாம். நெல்பேட்டை என்ற பெயரே கூல வீதியின் பேரப்பிள்ளை போல ஒலிக்கின்றது.

கதை நம்மை நகரத்துக்குள்ளே அழைத்துச் செல்லலாம். வரலாற்றை முழுவதும் அதனிடமே ஒப்படைத்துவிட முடியாது. மதுரை கற்றுத் தரும் சோதனையைக் கதைக்கும் நாம் செய்து பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தைப் படித்து முடித்தவரின் மனதிலே மதுரைப் பொற்கொல்லன் என்றால் வஞ்சகன் என்ற எண்ணமே தங்கிவிடும். மதுரைக்கு வடக்கே அழகர்மலையிலே சமணத் துறவியர் தங்கிய இயற்கைக் குகை ஒன்று உண்டு. அங்கே பழைய தமிழ் எழுத்துக்களிலே கொடையளித்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை கிறித்துவுக்கு முன் 1ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என அறிஞர் கணிக்கின்றனர். உப்பு வணிகன், அறுவை வணிகன் என்று வரும் அந்தப் பெயர்களோடு மதுரைப் பொற்கொல்லன் ஒருவனுடைய பெயரும் இருக்கின்றது. இளங்கோ காட்டிய அறுவை வீதியும் பொற்கடை வீதியும் வெறுங்கற்பனை அல்ல என்பதற்கு அந்தக் கல்லைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தக் கல் இன்னொரு காரியமும் செய்கின்றது. கவுந்தியடிகளைப் போன்ற சமணத் துறவியர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிய இடத்துக்கு உதவியவர்களுள் ஒருவனாக ஒரு பொற்கொல்லன் அங்கே நிற்கிறான். கதையிலே வந்து கோவலனைக் கொலைக்குக் கொடுத்த பொற்கொல்லனுக்கு இளங்கோ பெயர் இடவில்லை. அழகர்மலைப் பொற்கொல்லனுக்குப் பெயர் இருக்கின்றது. அவன் பெயர் ஆதன். மதுரைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைக்கும் நேயர்கள், கடைவீதிகளைக் கண்ட பின் அந்த மலைக்கும் ஒருமுறை நடந்து செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.